முத்துக்கு அடகு கிடையாது

நம் வீடுகளில் நகை வாங்கப் போகும்போது, கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்பே மனத்துக்குள் ஒரு கேள்வி வந்து நிற்கும். "அவசரத்துக்கு வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் தெரியும். பள்ளி திறக்கும் மாதத்துக்கும், மழையில் பால்வெட்டு நின்று போன வாரங்களுக்கும், திடீர் மருத்துவச் செலவுக்கும் அந்தக் காலத்தில் கைகொடுத்தது அம்மாவின் காதிலும் கழுத்திலும் இருந்த தங்கம்தான். வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு நகைதான் வங்கி.

இந்தக் கேள்விக்கு முன்னால் முத்து மட்டும் எப்போதும் தோற்றுவிடும். அடகுக்கடையில் தங்கத்தின் எடையையும் மாற்றையும் பார்ப்பார்கள். முத்தின் எடையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம். அதனால்தான் நம் பெரியவர்கள் முத்து மோதிரத்தை ஒன்று ஜோதிடர் சொன்னால் வாங்கினார்கள், இல்லையென்றால் வாங்கவே இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. தங்கம் விற்கிற விலையில், சிறிய முத்து மோதிரம் ஒன்றைத் தினமும் போட்டுக்கொள்ளலாமே என்று இளம் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். அலுவலகச் சட்டைக்கும் பொருந்தும், சேலைக்கும் பொருந்தும். ஆனால் தினமும் போடத் தாங்குமா?

அண்மையில் புக்கிட் ரோத்தான் பக்கம் தெரிந்த குடும்பம் ஒன்றில் இந்தக் கேள்வி பெரிய வாக்குவாதமாகவே ஆகிவிட்டது. மகள் பாலர் பள்ளி ஆசிரியை. அடுத்த சில மாதங்களில் நிச்சயதார்த்தம். முத்து வைத்த மோதிரம்தான் வேண்டும், அதைத் தினமும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறார். அம்மா பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கியவர்.

"முத்துக்கு அடகுக்கடையில ஒரு காசு தரமாட்டான்மா. தேய்ஞ்சு போனா யாரு பாக்கறது?" என்றார் அம்மா.

"நான் அடகு வைக்கறதுக்கா நிச்சயம் பண்ணிக்கறேன்?" என்றார் மகள்.

வீடே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. பிறகு அம்மா என்னைப் பார்த்து, "வானொலில ஊருக்கெல்லாம் பேசறீங்க, இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க" என்றார். பதிலைத் தேடி நான் கிள்ளானில் உள்ள பத்தர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். அங்கே கேட்டதையும், நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முத்து கல் இல்லை

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வைரம், மாணிக்கம்போல முத்து பூமியில் இருந்து தோண்டி எடுத்த கல் இல்லை. சிப்பிக்குள் வளர்ந்த பொருள். பாசிர் பெனாம்பாங்கில் நாம் சாப்பிட்டுவிட்டுப் போடுகிற சிப்பி ஓடு எதனால் ஆனதோ, அதே கால்சியம் கார்பனேட்தான் முத்தும். மெல்லிய தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, நடுவில் பசைபோல ஒரு புரதம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் முத்துக்குள் விளக்கு எரிவதுபோல் தெரிகிறது.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10. முத்து 2.5 முதல் 4.5 வரைதான். நம் வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள்கூட 7. ஆகவே, தூசி படிந்த முத்தைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலே கீறல் விழும். ஆனால் அந்தத் தகடும் புரதமுமான அமைப்பினால், முத்து கீழே விழுந்தால் கண்ணாடிபோல் சட்டென்று உடைந்துவிடாது. கீறலுக்குப் பயப்பட வேண்டும், விழுவதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

பெரிய எதிரி புளிப்பு. முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும் அல்லவா? முத்துக்கும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. எலுமிச்சை, புளி, வினிகர், வியர்வை எல்லாமே நாளடைவில் பளபளப்பைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற நம் வீடுகளில், கையில் முத்து மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விலை உயர்ந்ததுதான் உழைக்குமா?

இந்த இடத்தில்தான் பத்தர் என்னை ஆச்சரியப்படுத்தினார். "தினமும் போடணும்னா விலை குறைஞ்ச முத்தையே எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

காரணம் இருக்கிறது. இன்று கடைகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். ஜப்பானில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி 1893-இல் முதன்முதலாக வளர்ப்பு அரை முத்தை எடுத்துக் காட்டிய பிறகு, முத்து கடலடி அதிர்ஷ்டமாக இல்லாமல் பண்ணைப் பயிராக மாறியது. ஜப்பானிய அகோயா முத்துக்குள்ளே, சிப்பி ஓட்டில் இருந்து கடைந்தெடுத்த ஓர் உருண்டை இருக்கும். அதன்மேல் சிப்பி பூசிய படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். மோதிரமாகப் போட்டு மேசையிலும் கதவிலும் இடித்துக்கொண்டே இருந்தால், அந்தப் படலம் ஓரிடத்தில் தேய்ந்து உள்ளே இருக்கும் உருண்டை தெரியத் தொடங்கலாம்.

சீனாவில் பெருமளவு விளையும் நன்னீர் முத்து அப்படி இல்லை. பெரும்பாலானவற்றில் உருண்டை வைக்காமல், வேறொரு சிப்பியின் திசுத் துண்டைத்தான் வைப்பார்கள். அதனால் மேலிருந்து உள்வரை ஏறக்குறைய முழுக்கவும் முத்துப் படலமே. வடிவம் அவ்வளவு உருண்டையாக இருக்காது, விலையும் குறைவு. ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதில் கெட்டி. அகோயாவைக் காதுக்கும் கழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு நன்னீர் முத்து போதும்.

ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் விளையும் தென்கடல் முத்துக்குப் படலம் தடிமன்தான். ஆனால் அளவிலும் விலையிலும் பெரியது. தினசரி மோதிரத்துக்கு அது தேவையில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போனாலும் சரி, தலைநகர் மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போனாலும் சரி, கடை விளக்கின் கீழே முத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த விளக்கில் எல்லாமே மின்னும். வாசல் பக்கம் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முத்தின்மேல் சன்னலின் சட்டமோ உங்கள் முக நிழலோ விளிம்பு தெரியும்படி விழுந்தால் நல்ல பளபளப்பு. பால் தெளித்ததுபோல மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். சிறு புள்ளியோ குழியோ இருப்பது பெரிய குறை அல்ல. பத்தர் அந்தப் பக்கத்தைக் கிண்ணத்துக்குள் திருப்பி வைத்துவிடுவார். விலையும் குறையும்.

போலியைக் கண்டுபிடிக்க, இரண்டு முத்துகளை மெல்ல ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம். உண்மையான முத்து மிக மெல்லிய மணல்போல் நறநறக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக் போலிகள் வழுவழுவென்று வழுக்கும். துளை போட்ட முத்தாக இருந்தால் துளையின் ஓரத்தைப் பாருங்கள். போலியில் அங்கேதான் பூச்சு உரிந்திருக்கும். "ஷெல் பேர்ல்" என்று விற்பார்கள். அது சிப்பி ஓட்டு உருண்டைக்கு மேல் மனிதர் பூசிய பூச்சு, முத்து அல்ல. கறுப்பு நிற நன்னீர் முத்து என்றால் சாயம் ஏற்றியது. வெள்ளை, சந்தனம், பீச், இளம் ஊதா ஆகியவை இயற்கையாகவே கிடைக்கும் நிறங்கள். நம் மாநிறக் கைகளுக்குப் பளிச்சென்ற வெள்ளையைவிடச் சந்தன நிறமும் பீச் நிறமும் எடுப்பாக இருக்கும் என்பது என் கருத்து.

பில்லில் "நன்னீர் வளர்ப்பு முத்து" என்றும் உலோகத்தின் மாற்று எவ்வளவு என்றும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பின்னாளில் பிரச்சினை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் உங்களுக்காகப் பேசப் போவது அந்தக் காகிதம்தான்.

பத்தரிடம் சொல்ல வேண்டியவை

தினசரி மோதிரத்தின் ஆயுளில் பாதியை முத்து தீர்மானிக்கிறது. மீதிப் பாதி, அதை வைக்கிற விதத்தில் இருக்கிறது.

அளவு: 6 மில்லிமீட்டர் அளவு போதும். 8, 9 என்று போனால் விரலில் அழகாக இருக்கும், ஆனால் பையில் கைவிடும்போதெல்லாம் இடிக்கும்.

வடிவம்: அடிப்பக்கம் தட்டையான பொத்தான் வடிவ முத்தைக் கேளுங்கள். உருண்டை முத்தைவிட அது விரலோடு ஒட்டித் தாழ்வாக உட்காரும். விலையும் குறைவு.

பிடிமானம்: முத்தில் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, சிறு ஊசியில் பசை வைத்துப் பொருத்துவதே வழக்கம். ஊசி வழவழப்பாக இல்லாமல், முறுக்கியோ கீறியோ இருக்க வேண்டும். அப்போதுதான் பசை பிடிக்கும். ஊசி மட்டும் போதாது. முத்தின் கீழ்ப்பகுதியைத் தாங்கும் கிண்ணமும், இரு பக்கமும் சற்று உயர்ந்த தங்கத் தோளும் வேண்டும். இடி விழுந்தால் முதலில் தங்கத்தின் மேல் விழட்டும்.

உலோகம்: நாம் எல்லாரும் 916 கேட்டுப் பழகியவர்கள். ஆனால் அது மென்மையானது. மெல்லிய ஊசியும் கிண்ணமும் 916-இல் செய்தால் நாளடைவில் வளையும். 750 தங்கம் இன்னும் உறுதியானது. 925 வெள்ளியிலும் செய்யலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் வெள்ளி கறுக்கும்போது, முக்கி எடுக்கிற வெள்ளித் திரவத்திலோ புளியிலோ திருநீற்றிலோ தேய்க்கக் கூடாது. மூன்றுமே முத்தைக் கெடுக்கும்.

விரல் அளவு: காலையில் எடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மாலைக்குள் விரல் கொஞ்சம் தடிக்கும். முத்து மோதிரத்துக்கு மேல்பக்கம் கனம் அதிகம். தளர்வாக இருந்தால் சுற்றிச் சுற்றி உள்ளங்கைப் பக்கம் போய்விடும். வளையம் கொஞ்சம் அகலமாக இருந்தால் நிலையாக நிற்கும்.

இன்னொன்று மிக முக்கியம். பின்னாளில் மோதிரத்தைப் பெரிதாக்கவோ பற்றவைக்கவோ கொடுத்தால், முதலில் முத்தைக் கழற்றிவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். நெருப்பின் சூடு பட்டால் முத்து நிறம் மாறி வெடிக்கும். கடையில் நகைகளைக் கழுவும் அதிர்வு இயந்திரமும் நீராவியும் முத்துக்கு ஆகாது.

ஜோதிடப்படி முத்து போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விரலில் படும்படி அடிப்பக்கம் திறந்து வைப்பார்கள். அப்படி வைத்தால் வியர்வையும் சோப்பும் அடியில் தங்கும். தினமும் இரவில் ஈரத்துணியால் அந்தப் பக்கத்தையும் துடைத்துவிடுங்கள்.

எந்தக் கை?

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். ரசமும் ஊறுகாயும் எலுமிச்சைச் சாறும் தினமும் படுகிற வலது கையில் முத்தைப் போட்டால், மேலே சொன்ன கவனமெல்லாம் வீண். இடது கைதான் சரி. இடது கையில் நகையா என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். சோற்றுக் கைக்கு முத்து ஆகாது என்று விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

மற்றபடி விதி ஒன்றுதான். முகப்பூச்சு, வாசனைத் திரவியம், கைத்தூய்மி எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள். ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, மற்ற நகைகளோடு உரசாமல் துணிப்பையில் வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் பசை விட்டுவிட்டது என்று பொருள். மறுபடி ஒட்டுவது சின்ன வேலை. தொலைந்த பிறகு தேடுவதுதான் பெரிய வேலை.

அம்மாவும் மகளும்

இத்தனையும் கேட்டுக்கொண்டு திரும்பவும் புக்கிட் ரோத்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் சிவப்புக் கல் வைத்த 916 மோதிரம். அவர் கல்யாணத்துக்குப் போட்டது.

"எத்தனை தடவை போய்ட்டு வந்திருக்குன்னு எனக்கே கணக்கு இல்ல" என்றார். அடகுக்கடைக்குத்தான். "விரல்ல போட்ட நாள எண்ணிடலாம். உளி பிடிக்கற கையில மோதிரம் எங்க நிக்கும்? பால் கறை ஒரு பக்கம். வாளி தூக்கற கை. நல்ல நாளுக்குன்னு எடுத்து வச்சேன். இப்ப மூட்டுல ஏறமாட்டேங்குது."

மகள் அந்த மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எனக்கும் எல்லா நாளும் வேலை நாள்தாம்மா. அதனாலதான் வேலை நாள்லயே போடறமாதிரி ஒண்ணு கேட்டேன்" என்றார்.

அம்மா சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. முத்து சேமிப்பு ஆகாது என்பதற்கு உலகமே சாட்சி. 1917-இல் நியூயார்க்கில் கார்ட்டியர் நிறுவனம், பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள இரட்டை வட இயற்கை முத்துமாலையையும் ரொக்கமாக 100 டாலரையும் கொடுத்து, ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. பிறகு வளர்ப்பு முத்துகள் சந்தையை நிரப்பின. 1957-இல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது, பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. மாளிகை இன்றும் கார்ட்டியர் கடையாக நிற்கிறது. கொற்கையும் தூத்துக்குடியும் முத்தால் பேர் பெற்ற ஊர்கள்தான். ஆனால் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஒவ்வோர் ஆண்டும் நடக்கவில்லை. சிப்பி விளைந்த ஆண்டில் கொண்டாட்டம், விளையாத ஆண்டுகளில் வெறும் கடல். தூத்துக்குடியில் கடைசிப் பெரிய குளிப்பு 1961-இல் முடிந்தது. முத்தை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மகள் கேட்டதிலும் தவறு இல்லை. சேமிப்பும் அணிகலனும் ஒரே பொருளாக இருக்க வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தியது அன்றைய சம்பளம். இன்று மாதச் சம்பளமும் சேமநிதியும் உள்ள பெண், இரண்டையும் பிரித்து வைக்கலாம்.

கடைசியில் அவர்கள் செய்த ஏற்பாடு இது. மாப்பிள்ளை வீட்டார் போடும் நிச்சய மோதிரம் கல்லில்லாத 916 வளையம். அது சேமிப்பு. முத்து மோதிரம் மகளின் சொந்தச் சம்பளத்தில், வெள்ளியில், 6 மில்லிமீட்டர் பீச் நிற நன்னீர் முத்து. முத்து எப்போதாவது மங்கிப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அம்மாவின் சிவப்புக் கல் மோதிரத்தை உருக்க வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். அளவைப் பெரிதாக்கி அம்மாவின் விரலுக்கே போட, அதையும் பத்தரிடம் கொடுத்தார்கள்.

நீங்களும் கடைக்குப் போவதற்கு முன் பணத்தை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேமிப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் முத்து வாங்காதீர்கள். ஆசைக்கு எடுத்து வைத்த பணத்தில் வாங்குங்கள். "வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்பதைத் தங்கத்திடம் கேளுங்கள். முத்திடம் கேட்க வேண்டியது வேறு: "வாரத்தில் எத்தனை நாள் உன்னைப் போட்டுக்கொள்வேன்?" ஐந்து நாள் என்று பதில் வந்தால் தயங்காமல் வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு நாள் என்றால், அந்தப் பணமும் தங்கத்தோடு போகட்டும்.